பாத்தியின் தரையும் குருதிக் குழாயின் உட்படலமும்

மரக்காணத்து உப்பளத் தொழிலாளர் பாத்தியின் களிமண் தரையை முதலில் மிதித்து இறுக்குவர். தரை கெட்டால் உப்புநீர் கசியும், விளைச்சல் குன்றும். குருதிக் குழாய்க்கும் அத்தகைய தரையொன்று உண்டு. ஒற்றை அடுக்கு உயிரணுக்களாலான அவ்வுட்படலம் வெறும் உறையன்று; குழாயைத் தளரச் செய்வதில் அதற்குப் பங்குண்டு என 1980இல் இராபர்ட் ஃபர்ச்காட் காட்டினார். அது சுரக்கும் பொருள் நைட்ரிக் ஆக்சைடு எனப் பின்னர் தெளிவாயிற்று. 1998இல் அவருள்ளிட்ட மூவர் நோபல் பரிசு பெற்றனர்.

புகையும், நீரிழிவும், உயர் குருதியழுத்தமும், மிகையான உப்பும் இப்படலத்தை நலிவிக்கும். நலிந்த இடத்தில் கொழுப்பு உட்புகுந்து படியும். அப்படிவு வெடித்துக் குருதி உறைந்து குழாயை அடைத்தால் மாரடைப்பு நேரும். நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நோய் தோன்றுமுன் தரையைக் காப்போம். உப்பு பாத்தியில் பெருகட்டும். உணவில் அளவோடு அமையட்டும்.