கிதார் கார்டு படங்கள்: ஒருமுறை எழுதிப் பலமுறை பயன்படுத்த

கிதார் பயிலும் நம் பிள்ளைகளுக்குப் பாட்டுத்தாள் தயாரிக்கும் பெற்றோருக்கு இச்சிறு பாடம். சங்க விழாவுக்காக ஆறு பாட்டுகளிலும் சி மேஜர் படத்தைத் தனித்தனியே எழுதினேன். ஒன்றில் எண் தவறிவிட்டது. மகளின் விரல் அந்தத் தவற்றுக்கே பழகிவிட்டது; திருத்துவது பெரும்பாடாயிற்று.

1996-இல் தொடங்கிய லில்லிபாண்ட் என்னும் இலவச மென்பொருளில், தட்டச்சு செய்த எழுத்தே இசைத்தாள் ஆகிறது. அதில் செய்ய வேண்டியவை:

1. தடித்த ஆறாம் தந்தி தொடங்கி முதல் தந்தி வரை குறியிடுங்கள். ஒவ்வொன்றின் பின்னும் அரைப்புள்ளி வேண்டும். சி மேஜர்: எக்ஸ், 3, 2, ஓ, 1, ஓ, எக்ஸ் என்றால் மீட்டக்கூடாது, ஓ என்றால் அழுத்தாமல் மீட்டுக, எண் என்றால் அந்த ஃப்ரெட்டில் அழுத்துக.

2. அப்படத்துக்கு ஒரு பெயர் சூட்டுங்கள். பாட்டில், சுரத்தின் மேல், பின்சாய்கோட்டுடன் அப்பெயரை மட்டும் எழுதினால் போதும்.

3. எல்லாப் படங்களையும் தனிக் கோப்பில் வைத்து, ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் 'இன்க்ளூட்' கட்டளையால் அழையுங்கள். அங்கே ஒரு பிழையைத் திருத்திப் பாட்டுகளை மீண்டும் அச்சிட்டால், எல்லாத் தாள்களும் திருந்திவிடும்.

4. எஃப் மேஜர் பேரே வடிவம் 1, 3, 3, 2, 1, 1. ஒவ்வோர் எண்ணுடனும் 2 கூட்டினால் 3, 5, 5, 4, 3, 3. அதுவே ஜி மேஜர். வடிவத்தைச் சேமித்து இப்படி நகர்த்தவும் கட்டளை உண்டு.

பயிற்சி: எஃப் வடிவத்துடன் 4 கூட்டினால் எந்தக் கார்டு? பிள்ளைகளிடம் கேளுங்கள். (விடை: ஏ மேஜர்.)