ஆறு மாதம் இருக்கிறது, அவசரம் எதற்கு?

லைசன்ஸ் எடுக்கப் போகிறேன் என்று யார் வந்தாலும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) கைக்கு வந்த முப்பத்தோராம் நாளே டெஸ்ட்டுக்குப் போயாக வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. முப்பது நாளுக்கு முன்னால் போகக் கூடாது, அவ்வளவுதான். எல்.எல்.ஆருக்கு ஆயுள் ஆறு மாதம். டிரைவிங் ஸ்கூலில் 'ஒரே மாசத்துல முடிச்சுத் தர்றோம்' என்பார்கள். நாமும் தொல்லை விட்டது என்று தலையாட்டுவோம். மிச்ச ஐந்து மாதம் அப்படியே வீணாகும். பக்கத்தில் விவரம் தெரிந்தவர் உட்கார்ந்திருக்க, எல் போர்டைப் பார்த்து மற்ற வண்டிகளும் கொஞ்சம் விலகிப் போக, நிம்மதியாகப் பழகக் கிடைக்கும் காலம் வாழ்நாளில் அது ஒன்றுதான்.

நாற்பதைக் கடந்த பிறகு, பிளஸ் டூ முடித்த என் மகனோடு சேர்ந்து லைசன்ஸ் எடுத்தவள் நான். ஊர் திருச்சி. ஒரே வீட்டிலிருந்து இருவரும் விண்ணப்பித்ததால், பதினெட்டு வயதுக்கும் நடுவயதுக்கும் எந்தெந்த இடத்தில் வழி பிரிகிறது என்பதைக் கூடவே இருந்து பார்க்க முடிந்தது. அதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

வயது விஷயத்தில் சமாதானம் வேண்டாம்

கார், கியர் பைக், கியர் இல்லாத ஸ்கூட்டர் எதுவானாலும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 16 வயதில் பெற்றோர் சம்மதத்தோடு எடுக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அது 50 சிசிக்கு மிகாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். நம் தெருக்களில் ஓடும் ஸ்கூட்டர் எதுவும் அந்த அளவுக்குள் வராது. 'சின்ன வண்டிதானே' என்று நாம் நினைக்கும் டிவிஎஸ் எக்ஸ்எல் 100-கூட 99.7 சிசி. மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத, 250 வாட்டுக்கு உட்பட்ட பேட்டரி ஸ்கூட்டருக்கு லைசன்ஸ் தேவையில்லை. டியூஷனுக்குப் போகிற பிள்ளைக்கு வண்டி கொடுத்தே ஆக வேண்டுமென்றால் அது ஒன்றுதான் வழி.

மற்ற வண்டியைக் கொடுத்தால் என்ன ஆகும்? 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 199ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 18 நிறையாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசன்ஸ் கிடையாது. என் மகன் பத்தாம் வகுப்பிலிருந்தே சாவி கேட்டுக்கொண்டிருந்தவன். சிறை, அபராதம் என்று சொன்னதெல்லாம் காதில் ஏறவில்லை. '25 வயசு வரைக்கும் பஸ்தான்' என்ற வரிக்குத்தான் அடங்கினான்.

விண்ணப்பிக்கும்போது

பரிவாகன் இணையதளத்தின் சாரதி பகுதியில் நாமே விண்ணப்பிக்கலாம். இ-சேவை மையத்திலும் செய்துகொள்ளலாம். வயதுச் சான்று, முகவரிச் சான்று, உடல் தகுதி குறித்து நாமே எழுதிக் கொடுக்கும் படிவம் 1, இவை எல்லோருக்கும் பொது. 40 வயதைத் தாண்டியவர்கள் கூடுதலாக, பதிவு பெற்ற மருத்துவர் பரிசோதித்துக் கையெழுத்திட்ட படிவம் 1ஏ கொடுக்க வேண்டும். மகனுக்குத் தேவைப்படாத இந்தத் தாள் எனக்குத் தேவைப்பட்டது.

படிவம் 1-ல் ஒரு கேள்வி உண்டு: நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவில் இருக்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா? எல்லோரும் யோசிக்காமல் 'ஆம்' என்று எழுதிவிடுகிறார்கள். தெருவில் இறங்கி உண்மையாகவே படித்துப் பாருங்கள். நாற்பதுக்கு மேல் தூரப் பார்வை மெல்ல மங்கினால் நமக்கே தெரியாது. கண்ணாடி தேவையென்றால் அதைப் பழகத் தொடங்கும் முன் வாங்கிவிடுவது நல்லது.

கட்டணத்தைத் தனியே சொல்லியாக வேண்டும். மத்திய விதிகளின்படி எல்.எல்.ஆருக்கு ஒரு வகைக்கு 150 ரூபாய், அதற்கான தேர்வுக்கு 50. ஓட்டும் டெஸ்ட்டுக்கு ஒரு வகைக்கு 300, லைசன்ஸ் வழங்க 200. இதோடு கார்டுக்கும் சேவைக்கும் கொஞ்சம் சேரும். டிரைவிங் ஸ்கூலில் 'எல்லாம் சேர்த்து இவ்வளவு' என்று ஒரு தொகை சொல்லும்போது, அரசுக்குப் போவது எவ்வளவு, சொல்லிக் கொடுக்க எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். கேட்டாலே பேச்சு மாறுவதைப் பார்க்கலாம். எத்தனை வகுப்பு, ஒரு வகுப்பு எத்தனை நிமிடம், ஒரே நேரத்தில் காரில் எத்தனை பேர் என்பதையும் கேட்டுவிடுங்கள். நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஆளுக்குப் பத்து நிமிடம் ஸ்டியரிங்கைக் கொடுக்கும் இடத்தில் பெரும்பாலும் பயணியாகத்தான் இருப்பீர்கள்.

விண்ணப்பத்தில் உடலுறுப்பு தானம் பற்றிய கேள்வியும் வரும். கணினி முன் உட்கார்ந்து அவசரமாக டிக் அடிக்காமல், முந்தின நாளே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளலாம். மகன் என்னை முந்திக்கொண்டு 'ஆம்' என்றான்.

எல்.எல்.ஆர். தேர்வு

கணினியில் நடக்கும் இந்தத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். நூற்றுக்கு அறுபது வாங்கினால் போதும். சாலைக் குறியீடுகளை மனப்பாடம் செய்வதைவிட, உருவத்தை வைத்துப் பிரித்துக்கொள்வது சுலபம். சிவப்பு வட்டம் என்றால் கட்டளை, மீறினால் குற்றம். சிவப்பு முக்கோணம் எச்சரிக்கை. நீலச் செவ்வகம் தகவல். தலைகீழ் முக்கோணம் வந்தால் மற்றவருக்கு வழிவிட வேண்டும். எண்கோணம் வந்தால் நின்றே ஆக வேண்டும். விபத்து நடந்தால் ஓட்டுநரின் கடமை என்ன, ஆளில்லாத ரயில்வே கேட்டில் என்ன செய்ய வேண்டும், வண்டியில் என்னென்ன ஆவணம் இருக்க வேண்டும் என்பதும் பாடத்தில் உண்டு. பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து வழியிலுள்ள பலகைகளைப் படித்தாலே பாதி முடிந்துவிடும்.

ஆறு மாதத்தை எப்படிச் செலவழிப்பது

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-ஆம் விதியில் ஒரு பட்டியல் இருக்கிறது. டெஸ்ட்டுக்கு வருபவர் என்னென்ன செய்து காட்ட வேண்டும் என்ற பட்டியல். கண்ணாடிகளைச் சரிசெய்து சீட் பெல்ட் போடுவது, எல்லா கியரையும் வரிசையாக மாற்றுவது, ஏற்றத்தில் நிறுத்திப் பின்னால் உருளாமல் மறுபடி கிளப்புவது, முந்துவது, முந்த வருபவருக்கு வழிவிடுவது என்று நீளும். டெஸ்ட் நாளில் இத்தனையையும் பார்க்க ஆய்வாளருக்கு நேரம் இருக்காது. ஆனால் வண்டியோட்டக் கற்க இதைவிட நல்ல பாடத்திட்டம் கிடையாது. அதை அச்செடுத்துப் பிரிட்ஜ் கதவில் ஒட்டி, ஆளுக்கொரு நிறத்தில் டிக் போட்டுக்கொண்டே வந்தோம்.

சொந்தக் காரில் பழகுவதானால் செல்லத்தக்க லைசன்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். எல் போர்டு முன்னும் பின்னும் வேண்டும். 18 சென்டிமீட்டர் சதுர வெள்ளைப் பலகையில் சிவப்பு எழுத்து என்பது விதி. நோட்டுத்தாளில் பேனாவால் கிறுக்கி ஒட்டுவது கணக்கில் சேராது. பைக் பழகும் இளைஞர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. எல்.எல்.ஆர். இருக்கும்போது சொல்லித்தருபவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. நண்பனை ஏற்றிக்கொண்டு டீக்கடைக்குப் போவது இதில் வராது.

பழகும் இடத்தைப் படிப்படியாக மாற்றினோம். முதலில் விடியற்காலை ஜி கார்னர் மைதானம். வண்டி நகர்வதும் நிற்பதும் மட்டும். கிளட்ச்சை மெல்ல விட்டுக்கொண்டே வரும்போது ஓரிடத்தில் வண்டி லேசாகச் சிலிர்க்கும். அந்த இடத்தைக் கால் தெரிந்துகொள்ளும் வரை ஆக்சிலரேட்டரைத் தொட வேண்டாம் என்றார் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். சமைப்பவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். அடுப்பைச் சிம்மில் வைக்கும் அதே பக்குவம்தான். அடுத்து ஸ்ரீரங்கம் சித்திரை வீதிகள். கோயிலைச் சுற்றி நாலு பக்கமும் வீதி இருப்பதால் ஒரே பக்கத் திருப்பத்தை அலுக்கும் வரை போடலாம். அதன் பிறகு கல்லணைச் சாலை. ஒரு பக்கம் காவிரி, எதிரே வளைவில் திடீரென்று வரும் பஸ். அகலம் குறைந்த சாலையில் எதிர்வண்டிக்கு இடம் விடக் கற்றது அங்கேதான். கடைசியாக, மாலை நேரத்துத் தலைமைத் தபால் நிலையச் சிக்னல்.

நடுவயதில் கற்பவருக்குத் தடை பெரும்பாலும் பயம். நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பானெட்டையே பார்ப்பேன். "அக்கா, வண்டி எங்க இருக்குன்னு பார்க்காதீங்க. எங்க போகணுமோ அங்க பாருங்க, கை தானா திரும்பும்" என்பார் மாஸ்டர். என் மகனுக்கு அவர் சொன்னது நேர் எதிர்: "தம்பி, உனக்குக் கையெல்லாம் நல்லாத்தான் வருது. கண்ணாடியைப் பார்க்காம லேன் மாறுறியே, அதை முதல்ல விடு." இளம் வயதில் கை சீக்கிரம் பழகிவிடுகிறது, ஆபத்தை முன்கூட்டியே மோப்பம் பிடிக்கும் புத்திதான் தாமதமாக வருகிறது. எங்களைப் போன்றவர்களுக்குப் புத்தி முன்னால் ஓட, கை பின்னால் வருகிறது. அதனால் ஒரே பாடத்தை இருவரும் எடுத்தாலும் வீட்டுப்பாடம் வேறு வேறாக இருக்க வேண்டும்.

டெஸ்ட் பார்க்காத மூன்று விஷயங்களை எல்.எல்.ஆர். காலத்திலேயே, பக்கத்தில் ஆள் இருக்கும்போதே செய்துவிடுங்கள்: இரவு, மழை, நான்குவழிச் சாலை. எதிர்வண்டியின் ஹைபீம் கண்ணில் அடிக்கும்போது அந்த விளக்கைப் பார்க்காமல் சாலையின் இடது ஓரக் கோட்டைப் பார்த்து ஓட்ட வேண்டும் என்பது மைதானத்தில் தெரிய வராது. வண்ணம் அழிந்த வேகத்தடையும் இடப்பக்கம் நுழைந்து முந்தும் பைக்கும் எந்த டெஸ்ட்டிலும் வராது. நம் சாலையில் தினமும் வரும்.

பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால்

மோட்டார் வாகன ஆய்வாளர் என்று பலகையில் எழுதியிருந்தாலும் மக்கள் வாயில் அவர் பிரேக் இன்ஸ்பெக்டர்தான். அசல் ஆவணங்கள், இரு சக்கர வண்டிக்கு ஹெல்மெட், கொண்டுபோகும் வண்டியின் ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் கையில் இருக்கட்டும். முன்பதிவு நேரத்துக்கு அரை மணி முன்னதாகப் போய், மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்த்தால் பதற்றம் பாதி குறையும்.

பைக்கில் எட்டுப் போடுவதற்குச் சூட்சுமம் மூன்று. முதல் கியரிலேயே இருங்கள். பாதி கிளட்ச்சில், பின் பிரேக்கை லேசாகத் தொட்டபடி வேகத்தைக் கட்டுங்கள். கண் முன்சக்கரத்தில் இல்லாமல் அடுத்த வளைவின் முடிவில் இருக்கட்டும். குனிந்து சக்கரத்தைப் பார்த்தால் கால் தரையில் ஊன்றிவிடும். காரில் ஏறியதும் சீட், கண்ணாடி, பெல்ட் மூன்றையும் நிதானமாக, ஆய்வாளர் பார்க்கும்படி சரிசெய்யுங்கள். இண்டிகேட்டர் போடாமல் ஓரங்கட்டாதீர்கள். நின்றதும் நியூட்ரல், ஹேண்ட் பிரேக். வண்டி ஆஃப் ஆனால் பதற வேண்டாம். மறுபடி முறையாகக் கிளப்புவதையும் அவர் கவனிப்பார்.

தேறாவிட்டால் ஏழு நாள் கழித்து மறுபடி வரலாம். மூன்று முறையும் தேறாவிட்டால் 60 நாள் காத்திருக்க வேண்டும். ஆறு மாதத்தில் எந்த வாரத்தில் டெஸ்ட் வைப்பது என்பதை இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். கடைசி வாரத்துக்குத் தள்ளினால் மறுமுறைக்கு இடம் இருக்காது. நான்காம் மாதம் வாக்கில் வைப்பது வசதி.

கார்டு வந்த பிறகு

கார்டு விரைவு அஞ்சலில் வீட்டுக்கு வரும். அதனால் முகவரியில் கதவு எண், பின்கோடு தப்பாமல் இருக்க வேண்டும். டிஜிலாக்கரில் இறக்கிக்கொண்டால் போலீஸ் சோதனையில் அதைக் காட்டினாலே செல்லும்.

செல்லுபடியாகும் காலம் வயதுக்கு ஏற்ப மாறும். 30 வயதுக்குள் எடுத்தவருக்கு 40 வயது வரை. 30 முதல் 50 வரை உள்ளவருக்குப் பத்து ஆண்டு. 50 முதல் 55 வரை உள்ளவருக்கு 60 வயது வரை. அதற்கு மேல் ஐந்தைந்து ஆண்டு. காலாவதியாகி ஓராண்டு தாண்டிவிட்டால் புதுப்பிக்க மறுபடி ஓட்டிக்காட்ட வேண்டும்.

லைசன்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தால் ஓட்டியவருக்கு 5,000, கொடுத்தவருக்கு 5,000 ரூபாய் அபராதம். விபத்தாகிவிட்டால், காயம்பட்டவருக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் கொடுத்த தொகையை நம்மிடமே வசூலிக்கலாம். எனவே எங்கள் வீட்டில் ஒரு சட்டம் போட்டோம்: யாராக இருந்தாலும் லைசன்ஸைக் காட்டினால்தான் சாவி. மகனின் நண்பர்களை மனதில் வைத்துப் போட்ட சட்டம், முதலில் மாட்டியவர் என் மாமனார். அவருடைய லைசன்ஸ் காலாவதியாகி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. இப்போது பிரிட்ஜ் கதவில் மூன்றாவது நிறத்திலும் டிக் விழுகிறது. "ஏம்மா, எட்டுல முதல்ல இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்று கேட்டபடி, மாலையானால் ஹெல்மெட்டோடு வாசலில் நிற்கிறார்.