அடையாளம் கேட்டாள் அன்னை!

வாசலில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து நிற்கிறார். ‘உங்கள் வீட்டுக்காரர்தான் என்னை அனுப்பினார்’ என்கிறார். முகத்தில் பணிவு இருக்கிறது. பேச்சில் அன்பு இருக்கிறது. அவரை நம்புவதா, வேண்டாமா? நம்பி ஏமாந்தால் ஆபத்து. நம்பாமல் திருப்பி அனுப்பி, அவர் உண்மையானவராக இருந்துவிட்டால்? அதுவும் ஆபத்துதான்.

இந்தச் சங்கடத்தின் உச்சத்தில் நின்றவள் சீதாதேவி. அசோகவனத்தில், சிம்சுபா மரத்தடியில், தன் உயிரையே விட்டுவிடலாம் என்று அவள் முடிவெடுத்த வேளையில்தான் மேலிருந்து ராமகதை காதில் விழுந்தது. அண்ணாந்து பார்த்தால் கிளையில் ஒரு குரங்கு! ‘நான் ராமதூதன்’ என்றது அது.

அன்னை உடனே நம்பினாளா? இல்லை. நெருங்கி வந்த அனுமனைப் பார்த்து நடுங்கினாள். ‘நீ ராவணனாகத்தான் இருப்பாய். வேறு வேஷத்தில் வந்து மறுபடியும் என்னை வதைக்கிறாய்’ என்றே நினைத்தாள்.

சுந்தர காண்டத்தில் 68 சர்க்கங்கள் இருக்கின்றன. கடல் தாண்டியதையும் இலங்கை எரிந்ததையும் நாம் ஆசையோடு படிப்போம். ஆனால், அந்தக் காண்டத்தின் நடுவே இருக்கும் இந்த விசாரணையை நின்று கவனித்துப் படிப்பவர்கள் குறைவு. வந்தவன் உண்மையில் யார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அன்னை நமக்குச் சொல்லித்தரும் பாடம் அங்கேதான் இருக்கிறது.

ஒரே நாளில் இரண்டு ஏமாற்று

சீதை சந்தேகப்பட்டதற்குக் காரணம் உண்டு. பஞ்சவடியில் ஒரே நாளில் அவள் இரண்டு முறை ஏமாற்றப்பட்டாள்.

முதல் ஏமாற்று, குரல். மாயமானாக வந்த மாரீசன், அம்பு பட்டு விழும்போது ராமபிரானின் குரலிலேயே சீதையையும் லட்சுமணனையும் கூவி அழைத்தான். அந்தக் குரலை நம்பித்தான் அன்னை, காவலுக்கு நின்ற லட்சுமணனைக் கடிந்து பேசி அனுப்பிவைத்தாள்.

இரண்டாவது ஏமாற்று, வேஷம். காவி உடுத்தி, சந்நியாசியாக ராவணன் வந்தான். அதிதியை உபசரிப்பது தர்மம் அல்லவா? ஆசனம் தந்தாள், பாதம் கழுவ நீர் தந்தாள். கேட்டபோது தன் பெயர், குலம், காட்டுக்கு வந்த கதை எல்லாவற்றையும் சொன்னாள். அதன்பிறகே வந்தவனின் சுயரூபம் தெரிந்தது.

குரலையும் போலி செய்யலாம்; கோலத்தையும் போலி செய்யலாம். இது அவள் பட்டுத் தெரிந்துகொண்டது. ஆகவே, அசோகவனத்தில் அவள் கேள்வி கேட்டாள். அவநம்பிக்கையால் அல்ல, விவேகத்தால்.

அன்னை கேட்ட கேள்விகள்

எப்படிக் கேட்டாள் என்பதைக் கவனியுங்கள். ‘ராமர் நீண்ட கைகள் உடையவர்தானே? லட்சுமணன் பொன்னிறம்தானே?’ என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கும். எதிரில் நிற்பவன் ‘ஆமாம்’ என்று தலையாட்டினால் போதும். அன்னை விடையைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். ‘ராமருக்கும் லட்சுமணனுக்கும் உள்ள அங்க அடையாளங்களை நீ சொல். நரர்களும் வானரர்களும் எப்படி ஒன்றுசேர்ந்தார்கள், அதையும் சொல்’ என்றாள்.

அனுமன் சொன்னார். ஸ்ரீராமரின் கண்களிலிருந்து பாதம் வரை, குரலிலிருந்து குணம் வரை ஒன்று விடாமல் வர்ணித்தார். ஆனால், அங்க அடையாளங்களை அருகில் இருந்து பார்த்தவர் யாரும் சொல்லலாமே? ராமபிரானைக் கண்ட அரக்கர்களும் உண்டு. சூர்ப்பணகை பார்க்கவில்லையா?

அடுத்ததாக அனுமன் சொன்ன ஒரு செய்திதான் முக்கியம். ரிச்யமூக மலைக்கு மேலே தூக்கிச் செல்லப்பட்டபோது நீங்கள் நழுவவிட்ட நகைகளை நாங்கள் எடுத்துவைத்து ராமரிடம் காட்டினோம் என்றார். 

ஆரண்ய காண்டத்தைப் படித்தவர்களுக்கு இதன் அருமை புரியும். மலை உச்சியில் ஐந்து வானரர்கள் அமர்ந்திருப்பதைக் கண்ட சீதை, தன் மேலாடையில் ஆபரணங்களை வைத்துக் கீழே போட்டாள். பரபரப்பில் இருந்த ராவணன் அதைக் கவனிக்கவே இல்லை என்கிறார் வால்மீகி. அப்படியானால், அந்தச் செய்தி யாருக்குத் தெரியும்? போட்டவளுக்குத் தெரியும், எடுத்தவர்களுக்குத் தெரியும். ராவணனுக்குத் தெரியாது! மாறுவேஷத்தில் வந்தவன் ராவணனாக இருந்தால் இதைச் சொல்லவே முடியாது.

இன்று ‘பாஸ்வேர்டு’ என்கிறோமே, அதன் லட்சணமும் இதுதான். கடினமான சொல்லாக இருப்பது பெரிதல்ல; எதிரிக்குத் தெரியாததாகவும், உரியவருக்கு மட்டும் தெரிந்ததாகவும் இருக்க வேண்டும்.

மோதிரம் ஏன் கடைசியில்?

இவ்வளவும் ஆன பிறகுதான் அனுமன் கணையாழியைத் தந்தார். ராமநாமம் பொறித்த அந்த மோதிரத்தைக் கண்டதும், கணவரையே நேரில் கண்டதுபோல் அன்னை மகிழ்ந்தாள்.

முதலிலேயே மோதிரத்தை நீட்டியிருக்கலாமே என்று தோன்றும். ஆனால், மோதிரம் ஒரு பொருள். பொருளைத் திருடலாம், பறிக்கலாம், அதேபோல் ஒன்றைச் செய்துவிடலாம். யுத்த காண்டத்தில் இதற்குச் சாட்சியே இருக்கிறது. ராவணன், வித்யுஜ்ஜிஹ்வன் என்ற மாயாவியைக் கொண்டு ராமரின் தலையையும் வில்லையும் போலியாகச் செய்வித்து, சீதையின் முன்னால் வைத்தான். அன்னை அதை உண்மை என்றே எண்ணிக் கதறினாள். சரமை வந்து ‘இது மாயை’ என்று சொன்ன பிறகே தேறினாள். கண்ணால் கண்ட பொருள் அவளையும் ஏமாற்றிவிட்டது. அனுமன் பேசி நம்பிக்கையைச் சம்பாதித்த பிறகு தந்ததால்தான் கணையாழிக்கு அத்தனை மதிப்பு.

பெரியாழ்வார் காட்டும் மல்லிகை மாலை

இந்த நுட்பத்தை நம் ஆழ்வார் எவ்வளவு அழகாகப் பிடித்திருக்கிறார் தெரியுமா? பெரியாழ்வார் திருமொழியில் மூன்றாம் பத்தின் பத்தாம் திருமொழி முழுவதும், அனுமன் பிராட்டியிடம் சொல்லும் அடையாளங்களே. 

பரசுராமரின் வில்லை வாங்கியது, கைகேயி வரம் கேட்டது, குகனோடு தோழமை கொண்டது, பரதன் சித்திரகூடத்துக்கு வந்து பணிந்தது... இவையெல்லாம் பலர் அறிந்த செய்திகள். அயோத்தியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால், இவற்றுக்கு நடுவே ஆழ்வார் ஒன்றை வைக்கிறார். ஓர் இரவு வேளையில், இனிமையான தனிமையில், பிராட்டி மல்லிகை மாலையால் பெருமானைக் கட்டி விளையாடினாள் என்பது அது. அதை அறிந்தவர்கள் இரண்டே பேர். அனுமன் வாயிலிருந்து அது வருகிறதென்றால், ராமபிரானே சொல்லியிருக்க வேண்டும்.

இந்தத் திருமொழியிலும் மோதிரம் கடைசியில்தான் வருகிறது. மோதிரத்தைக் கண்ட பிராட்டி, சொன்ன அடையாளங்களோடு அதை ஒப்பிட்டுப் பார்த்து, எல்லாம் ஒத்துப்போகிறது என்று தெளிந்த பிறகே தலைமேல் வைத்து மகிழ்கிறாள்.

பதிலுக்கு ஓர் அடையாளம்

சோதனை ஒருபக்கத்தோடு முடியவில்லை. அனுமன் திரும்பிப் போய் ‘கண்டேன்’ என்று சொன்னால், ராமர் எதைக் கொண்டு நம்புவார்? ஆகவே, அன்னையும் அடையாளம் தந்தாள்.

சித்திரகூடத்தில் ஒருநாள். தன் மடியில் ஸ்ரீராமர் உறங்கிக்கொண்டிருந்தபோது, காகம் ஒன்று தன் மார்பைக் கொத்தியதையும், விழித்த ராமர் தர்ப்பைப்புல் ஒன்றை எடுத்து அஸ்திரமாக ஏவியதையும் சொன்னாள். இந்திரனின் மகனான அந்தக் காகம், மூவுலகமும் ஓடியும் புகலிடம் கிடைக்காமல் அவரிடமே வந்து விழுந்தது. ஒரு கண்ணை மட்டும் இழந்து உயிர் பிழைத்தது. இன்னொன்றும் சொன்னாள். நெற்றித் திலகம் அழிந்தபோது, மனோசிலை என்ற செந்நிறக் கல்லைக் கொண்டு ராமர் தன் கன்னத்தில் திலகம் இட்டாரே, அதையும் நினைவுபடுத்தச் சொன்னாள். இந்தக் கதைகளோடுதான் சூடாமணியைக் கொடுத்தாள்.

கம்பநாடர் சூடாமணிப் படலத்தில் மேலும் ஒன்றைச் சேர்க்கிறார். ‘என் கிளிக்கு யார் பெயரை வைக்கட்டும்?’ என்று முன்பொருநாள் சீதை கேட்டாள். ‘என் தாய் கைகேயியின் பெயரை வை’ என்றார் ராமர். அதை அவருக்கு நினைவூட்டச் சொல்கிறாள். எந்தக் கைகேயியால் வனவாசம் வந்ததோ, அவள் பெயரை அத்தனை அன்போடு சொன்ன நாளும் ஒன்று இருந்தது. தம்பதி தனியே பேசி மகிழ்ந்த சின்னஞ்சிறு பேச்சு. வேறு எவரும் இட்டுக்கட்டிச் சொல்ல முடியாத அடையாளம்!

சூடாமணியைக் கண்ட ராமபிரான் அதை மார்போடு அணைத்துக் கண்ணீர் விட்டார். ஆனாலும், ‘சீதை என்ன சொன்னாள்? சொல், சொல்’ என்று அனுமனை மறுபடியும் கேட்டார். மணி கிடைத்தும் அவருக்குப் போதவில்லை. அவள் சொன்ன சொல்லும் வேண்டியிருந்தது.

ஒருவர் மறந்துவிட்டால்?

மகாகவி காளிதாசரின் சாகுந்தலம் இதற்கு நேர்மாறான கதை. ‘அபிஜ்ஞான சாகுந்தலம்’ என்ற பெயரிலேயே அடையாளம் என்ற பொருள் இருக்கிறது. துஷ்யந்தன் தந்த மோதிரம் சசீ தீர்த்தத்தில் நழுவிப் போய்விட்டது. அரசவையில் வெறும் கையோடு நின்ற சகுந்தலை, இருவருக்கும் மட்டுமே தெரிந்த நிகழ்ச்சி ஒன்றைச் சொன்னாள். அவள் வளர்த்த மான்குட்டி அரசன் கையிலிருந்து நீர் குடிக்க மறுத்தது. அதே நீரை அவள் கொடுத்தபோது குடித்தது. அப்போது அரசன் சிரித்துக்கொண்டே பேசிய பேச்சையும் சொன்னாள்.

அத்தனையும் உண்மை. ஆனால், துர்வாசரின் சாபத்தால் துஷ்யந்தன் எல்லாவற்றையும் மறந்திருந்தான். பூட்டு இல்லாத இடத்தில் சாவியால் என்ன பயன்? பின்னால் மீன் வயிற்றிலிருந்து மோதிரம் கிடைத்த பிறகே அவனுக்கு நினைவு திரும்பியது. 

இரண்டு நெஞ்சங்களும் மறவாமல் காக்கும் வரைதான் ரகசியத்துக்கு உயிர். சீதையும் ராமரும் பிரிந்திருந்தபோதும் எதையும் மறக்கவில்லை. அதனால்தான் ஒரு காகத்தின் கதையும் ஒரு திலகத்தின் நினைவும் கடல் தாண்டி வந்து சாட்சி சொல்லின.

நமக்கு என்ன பாடம்?

இது த்ரேதாயுகக் கதைதானே என்று ஒதுக்க முடியாது. மாரீசன் அன்று செய்ததை இன்று கம்ப்யூட்டர் செய்கிறது. ஒருவருடைய குரலைச் சிறிது பதிவு செய்துகொண்டு, அதே குரலில் பேசவைக்க முடிகிறது. ‘அம்மா, விபத்தில் மாட்டிக்கொண்டேன், உடனே பணம் அனுப்பு’ என்று மகன் குரலில் அழைப்பு வந்தால் எந்தத் தாய்தான் பதறமாட்டாள்?

அசோகவனத்தில் அன்னை செய்ததை நாமும் செய்யலாம். வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஓர் அடையாளச் சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த தேதி, குலதெய்வத்தின் பெயர் போன்றவை வேண்டாம். அவை ஊருக்கே தெரியும். உங்கள் வீட்டு மல்லிகை மாலை எது, கிளிப்பெயர் எது என்று யோசியுங்கள். பள்ளிக்கூட வாசலில் யாராவது வந்து ‘அப்பா அனுப்பினார்’ என்றால், அந்தச் சொல்லைக் கேட்கக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுங்கள். நாம் கேள்வி கேட்க வேண்டுமே தவிர, விடையை நாமே சொல்லிவிடக் கூடாது. போனில் ஓ.டி.பி. கேட்பவரிடம் அதைச் சொல்லிவிடுவது, சந்நியாசி வேஷத்துக்கு வாசலைத் திறந்துவிடுவது போலத்தான்.

‘கேட்டால் தப்பாக நினைப்பாரோ’ என்ற கூச்சமும் வேண்டாம். அனுமனைப் பாருங்கள். கடலைத் தாண்டி, இரவெல்லாம் தேடி அலைந்து வந்தவர் அவர். ‘நீ ராவணன்’ என்ற சொல்லைக் கேட்டும் கோபப்பட்டாரா? கைகூப்பி நின்று கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். உண்மையான தூதன் சோதனைக்கு முகம் சுளிக்கமாட்டான். அடையாளம் கேட்டதும் கோபப்பட்டு அவசரப்படுத்துகிறவரிடம்தான் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை சுந்தர காண்டம் பாராயணம் செய்யும்போது, அன்னையும் அனுமனும் பேசிக்கொள்ளும் சர்க்கங்களை மட்டும் சற்று நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். நம்பிக்கை என்பது கண்ணை மூடிக்கொள்வது அல்ல, கேட்டுத் தெளிந்த பிறகு முழுமனதோடு ஏற்பது என்பது புரியும். தெளிந்த பிறகு அன்னை துளியும் சந்தேகப்படவில்லை. தன் ஆடையில் முடிந்து வைத்திருந்த சூடாமணியையே எடுத்து, அனுமன் கையில் கொடுத்துவிட்டாள்!