பேச்சு கேட்கவில்லையா?

கெடாவுக்கும் பினாங்குக்கும் எல்லையாக ஓடும் மூடா ஆறு கடலில் கலக்கும் இடத்தில் கோத்தா கோலா மூடா அமைந்துள்ளது. அங்குள்ள ஒரு வரிசை வீட்டை எடுத்துக்கொள்ளலாம். சனிக்கிழமை இரவில் குடும்பத்தினர் கூடித் தமிழ்ப்படம் பார்க்கின்றனர். படத்தில் தாய் மெல்லிய குரலில் பேசுகிறாள், பாட்டிக்குக் கேட்கவில்லை. உடனே ஒலி கூட்டப்படுகிறது. அடுத்த நொடியே சண்டைக் காட்சி அதிர, பக்கத்து வீட்டுக் குழந்தை விழித்து அழுகிறது. இரு வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரே சுவர்தானே!

இங்குக் குறை பெரும்பாலும் ஒலியின் அளவில் இல்லை. அதன் பங்கீட்டில் உள்ளது. இல்லத் திரையரங்கின் 5.1 அமைப்பில் முன்புறம் மூன்று, பக்கவாட்டில் இரண்டு என ஐந்து ஒலிபெருக்கிகள் இருக்கும். புள்ளிக்குப் பின்னுள்ள 1, தாழ்ந்த அதிர்வொலிகளுக்கான சப்வூஃபரைக் குறிக்கும். உரையாடல் பெரும்பாலும் முன்புற நடு ஒலிபெருக்கி வழியாகவே வரும். பல வீடுகளில் அதுதான் மேசைத் தட்டினுள் ஒளிந்திருக்கிறது. அதன்முன் பூச்சாடி வேறு! அதைத் தட்டின் விளிம்புக்கு இழுத்து, அமர்ந்திருப்போரின் காதை நோக்கித் திருப்பினாலே பேச்சு தெளிவடையும். வெறும் ஓட்டுத் தரையில் ஒலி எதிரொலித்துக் குழம்பும். ஒரு கம்பளம் விரிப்பது நன்று.

அடுத்து, கருவியின் அமைப்புப் பகுதிக்குச் செல்ல வேண்டும். ஒவ்வோர் ஒலிபெருக்கியும் எத்தனை மீட்டர் தொலைவில் உள்ளது என்பதை அளந்து பதிவிட வேண்டும். ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 மில்லி விநாடி ஆகும். அருகிலுள்ள ஒலிபெருக்கியைக் கருவி சற்றுத் தாமதிக்கச் செய்வதால், எல்லா ஒலியும் ஒரே வேளையில் காதை எட்டும். பின்னர், சோதனை இரைச்சலை ஒலிக்கவிட்டு, நாற்காலியில் அமர்ந்தபடி ஒவ்வொன்றையும் 75 டெசிபலுக்குச் சமப்படுத்த வேண்டும். கைப்பேசிச் செயலியின் அளவு துல்லியமன்று. ஆயினும் ஒன்றோடொன்று ஒப்பிட அது போதும். அதன் பிறகும் பாட்டிக்குக் கேட்கவில்லையெனில், நடு ஒலிபெருக்கியை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் கூட்டலாம்.

முகப்பில் -30 எனத் தெரிந்தால் கருவி பழுது என்று எண்ண வேண்டா. அங்கு 0 என்பது திரையரங்கின் ஒலியளவு. அந்த அளவில் உச்ச ஒலி 105 டெசிபலைத் தொடும். 90 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 4 மணி நேரத்திற்கு மேல் கேட்பது செவிக்கு ஆகாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒரு நீண்ட படத்தை அந்த அளவில் பார்த்தால், அந்த வரம்பில் பெரும்பகுதி ஒரே இரவில் தீர்ந்துவிடும்.

சுவரை ஊடுருவிப் பக்கத்து வீட்டுக்குச் செல்வது பெரும்பாலும் சப்வூஃபரின் தாழ்ந்த ஒலியே. மூலையில் வைத்தால் அது மேலும் தடிக்கும். ஆகவே, பொதுச்சுவரிலிருந்து அதைத் தள்ளி வைத்து, இரவில் அளவைக் குறைப்பது தகும். பல கருவிகளில் 'இரவு முறை' என்றொரு தெரிவும் உண்டு. அது வெடிச்சத்தத்தை அடக்கி, மெல்லிய பேச்சை உயர்த்தும். பகலில் அதனை அணைத்துவிட வேண்டும்; இல்லையேல் பாடலின் ஏற்ற இறக்கம் தட்டையாகிவிடும்.