உணர்ச்சி குறைந்த பாதமும் வெப்பப் படக்கருவியும்

நீரிழிவால் பாதங்களில் உணர்ச்சி குறைந்தோர்க்கு வெப்பப் படக்கருவி கொண்டு பாதச் சோதனை செய்யும்போது, திரையில் தோன்றும் சிவப்பையும் நீலத்தையும் கண்டு நோயாளியும் உடன் வந்தவரும் கலங்குவதை நாம் அடிக்கடி காண்கிறோம். அக்கருவி எவ்வாறு இயங்குகிறது என்று அறிந்தால், அது காட்டுவதை எங்கே நம்பலாம், எங்கே நம்பலாகாது என்பதும் விளங்கும்.

பட்டாபிராமை அடுத்த ஆவடியில் உருவாகும் அர்ஜுன் பீரங்கி வண்டியில், இருளிலும் இலக்கைக் காண வெப்பப் படக்கருவி உண்டு. அத்தகைய படைக்கருவிகள் பலவற்றில் உணரியைக் கடுங்குளிரில் வைத்திருக்க வேண்டும். மருத்துவமனைக் கருவியிலோ பெரும்பாலும் குளிரூட்டல் வேண்டாத உணரியே இருக்கிறது. அது விலையும் குறைவு, கையிலும் அடங்கும்.

நம் தோல் எந்நேரமும் அகச்சிவப்புக் கதிர்களை வெளியிடுகிறது. 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்த, கண்ணுக்குப் புலப்படாத கதிர்கள் இவை. கருவி இக்கதிர்களைப் பெறுகிறதேயன்றித் தான் எதையும் உடலுக்குள் செலுத்துவதில்லை. எக்ஸ்-ரேயைப் போன்றது என்று எண்ணி அஞ்ச வேண்டுவதில்லை. கருவுற்றோரும் அருகில் நிற்கலாம்.

உள்ளே இருக்கும் உணரி பல்லாயிரம் நுண்தகடுகளால் ஆனது. ஒவ்வொரு தகடும் 12 அல்லது 17 மைக்ரான் அகலம். தலைமுடியின் பருமனை விடச் சிறியது. வனேடியம் ஆக்சைடு போன்ற பொருள் பூசிய அத்தகடு, காற்று நீக்கிய சிமிழுக்குள் இரு மெல்லிய கால்களில் தொங்குகிறது. கதிர் பட்டால் தகடு சூடாகிறது. சூடானால் அதன் மின்தடை மாறுகிறது. அம்மாற்றமே படமாகிறது.

பொறியாளர்கள் இத்தகட்டைக் கணக்கில் வடிக்கும் முறை எளியது. அடியில் துளையுள்ள ஒரு பானையை எண்ணிப் பாருங்கள். மேலிருந்து விழும் நீர், பாதத்திலிருந்து வரும் வெப்பம். பானையில் நிற்கும் நீர்மட்டம், தகட்டின் வெப்பநிலை. துளை என்பது வெப்பம் கசிந்தோடும் அம்மெல்லிய கால்கள். வரவும் கசிவும் சமமாகும் மட்டத்தில் நீர் நிற்கும். துளையைச் சிறிதாக்கினால் மட்டம் நன்கு உயரும், ஆனால் நிலைபெறக் காலம் கூடும். பானையைச் சிறிதாக்கினால் விரைவில் நிலைபெறும். இவ்விரண்டையும் இணக்கியே தகட்டை வடிவமைக்கிறார்கள். ஒரு நொடியின் நூறில் ஒரு பங்களவில் அது நிலைபெற்றுவிடுகிறது.

இக்கணக்கு சொல்லும் செய்தி ஒன்று நோயாளிக்கும் முக்கியம். பாதத்தின் வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால், தகட்டின் வெப்பம் ஒரு பாகையில் நூறில் ஒரு பங்குகூட உயர்வதில்லை. மின்தடையோ ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கே மாறுகிறது. கருவியின் உடல் சற்றுச் சூடேறினாலே இதை விடப் பெரிய மாற்றம் நேர்ந்துவிடும். அதனால்தான் சோதனையின் நடுவே ‘டிக்’ என்ற ஒலி கேட்கிறது. உள்ளே ஒரு மூடி இறங்கி, எல்லாத் தகடுகளுக்கும் ஒரே வெப்பத்தைக் காட்டி, கணக்கைச் சரிசெய்துகொள்கிறது. கருவி பழுதாகிவிட்டதோ என்று எண்ண வேண்டாம்.

இத்தனை திருத்தத்துக்குப் பின்னும், பாதம் சரியாக எத்தனை பாகை என்று சொல்வதில் இவ்வகைக் கருவிகள் இரண்டு பாகை வரை பிழைபடலாம். ஒரே படத்திலுள்ள இரு இடங்களுக்கிடையிலான வேறுபாட்டையோ மிக நுட்பமாகக் காட்டும். ஆகவே மருத்துவர் தனி எண்ணைப் பெரிதாகக் கொள்வதில்லை. இடப் பாதத்தின் ஓரிடத்தை வலப் பாதத்தின் அதே இடத்தோடு ஒப்பிடுகிறார். நிறங்களும் கருவி தானே சூட்டியவைதாம். சிவப்பென்றால் புண் என்றோ, நீலமென்றால் நலம் என்றோ பொருளில்லை.

வெப்பத்தை ஏன் தேட வேண்டும்? 1914இல் கொல்லிமலையில் பிறந்து, 1946 முதல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளுக்குப் பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்ட், வலி உணராத பாதம் எவ்வாறு அழிகிறது என்பதை ஆராய்ந்தவர். பின்னர் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் வெப்பப் படங்களையும் பயன்படுத்தினார். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் விழும் சிறு அழுத்தம் முதலில் திசுவை அழற்சியுறச் செய்கிறது. புண் தோன்றுமுன்னே அவ்விடம் சூடேறுகிறது. உணர்ச்சியுள்ளவர் நொண்டி நடந்து அவ்விடத்தைக் காப்பார். உணர்ச்சியற்றவரோ “வலிக்கவே இல்லையே, எதற்கு ஆஸ்பத்திரி?” என்று அதே காலில் நடந்துகொண்டிருப்பார். வீட்டிலுள்ளோர் கவனிக்க வேண்டியது இச்சொல்லைத்தான்.

இரு பாதங்களின் ஒத்த இடங்களுக்கிடையே 2.2 பாகை செல்சியசுக்கு மேல் வேறுபாடு நீடித்தால் அது எச்சரிக்கை. 2004, 2007ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் வெளியான ஆய்வுகளில், நோயாளிகள் வீட்டிலேயே பாதத்தின் ஆறிடங்களை அன்றாடம் அளந்து, வேறுபாடு கண்டபோது நடையைக் குறைத்தனர். அவர்களுக்குப் புண்கள் குறைவாகவே தோன்றின. அவர்கள் பயன்படுத்தியது படக்கருவிகூட அன்று, எளிய அகச்சிவப்பு வெப்பமானி.

கருவி ஏமாறும் இடங்களும் உண்டு. இரு பாதங்களிலும் ஒருசேர அழற்சி இருந்தால் வேறுபாடு தெரியாது. இரத்த ஓட்டம் குன்றிய கால், புண் இருந்தும் குளிர்ந்தே தோன்றலாம். ஒரு காலை இழந்தவர்க்கு ஒப்பிட மறு பாதமே இல்லை. ஆதலால் படம் தெளிவாக வந்தாலும் மருத்துவர் நாடியைத் தொட்டுப் பார்ப்பார், நுண்ணிழையால் உணர்ச்சியைச் சோதிப்பார். ‘மறுபடியும் ஏன்?’ என்று சலித்துக்கொள்ள வேண்டாம்.

சோதனைக்கு வரும் நாளில் பாதத்தில் எண்ணெயோ மஞ்சளோ பூச வேண்டாம். ஈரக்கால் ஆவியாதலால் குளிர்ந்து காட்டும். நன்கு துடைத்திருக்க வேண்டும். மெட்டியையும் கொலுசையும் கழற்றிவிடுவது நல்லது. பளபளக்கும் உலோகம் தன் வெப்பத்தைக் காட்டாமல் சுற்றுப்புறத்தின் வெப்பத்தையே எதிரொளிக்கும். பட்டாபிராம் ரயில் நிலையத்திலிருந்து வெயிலில் நடந்து வந்தவர் வந்தவுடன் மேசையில் ஏறினால், படத்தில் தெரிவது வீதியின் சூடே. செருப்பையும் காலுறையையும் கழற்றி, கால் மேல் கால் போடாமல், பத்துப் பதினைந்து நிமிடம் அமர்ந்திருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

இன்னொன்று: மருத்துவமனைக்கென்று எடுத்துவைத்த புதுச் செருப்பில் வர வேண்டாம். நாள்தோறும் அணியும் பழைய செருப்பையே அணிந்து வாருங்கள். படத்தில் சூடாகத் தெரியும் இடத்துக்கு நேர் கீழே, அதன் தேய்மானத்தையும் நாம் பார்க்க வேண்டும்.