கைப்பேசி வழியே பண மோசடி: உழவர்கள் அறிய வேண்டியவை

உரக்கடை பாக்கியைக் கொடுப்பதும், நெல் விற்ற பணம் வந்து சேர்வதும் இன்று கைப்பேசி வழியே நடைபெறுகின்றன. இதனால் அலைச்சல் குறைந்துள்ளது. ஆனால் ஒரு போகத்தின் வருமானம் முழுவதும் ஒரே கணக்கில் இருக்கும்போது, அது களவு போனால் அடுத்த போகத்திற்கு விதை வாங்கவும் வழியிராது. ஆகவே மோசடி நடைபெறும் விதத்தை அறிந்துகொள்வது பயிர்ப் பாதுகாப்பைப் போலவே இன்றியமையாதது.

மோசடி நடைபெறும் விதம்

1. போலிச் செயலி: 2019-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணைகளில் வழங்கப்படுகிறது. "உங்கள் தவணை நின்றுவிட்டது, உடனே இதை நிறுவி விவரங்களைப் புதுப்பிக்கவும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வரும். அதன் பெயர் ஏ.பி.கே. என்று முடியும். அதை நிறுவும்போது குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். அனுமதித்துவிட்டால், வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண் மோசடிக்காரருக்கும் போய்ச் சேரும். "நான் யாரிடமும் எண்ணைச் சொல்லவில்லையே, பணம் எப்படிப் போயிற்று?" என்று பலர் திகைப்பது இதனால்தான்.

2. போலி வியாபாரி: கறவை மாட்டையோ பழைய டிராக்டரையோ விற்க விளம்பரம் செய்தால், விலை பேசாமலே ஒருவர் வாங்கச் சம்மதிப்பார். "முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் கட்டப்படத்தை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடுங்கள்" என்பார். பின் எண்ணைப் போட்டதும் பணம் வராது. உங்கள் கணக்கிலிருந்து போகும்.

3. போலி ரசீது: வாழைத்தார் ஏற்றிய லாரி புறப்படும் வேளையில், பணம் செலுத்தியதாகக் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டுவார்கள். அத்தகைய படத்தை எவரும் தயாரித்துவிட முடியும்.

தடுப்பு முறைகள்

* நீல நிறச் சான்றட்டை இல்லாத மூட்டையைச் சான்று விதை என்று யாரும் வாங்குவதில்லை. அதுபோல, வாட்ஸ்அப்பில் வரும் கோப்பைச் செயலியாக நிறுவக் கூடாது. தேவையான செயலியைப் பிளே ஸ்டோரில், வெளியிட்டவர் பெயரைப் பார்த்து எடுக்கவும்.
* தவணை பற்றிய ஐயம் இருப்பின் வேளாண்மை அலுவலகத்திலோ பொதுச் சேவை மையத்திலோ நேரில் கேட்கவும்.
* யு.பி.ஐ. பின் எண் பணம் செலுத்துவதற்குத் தேவைப்படுகிறது. பணம் பெறுவதற்கு அது தேவையில்லை.
* ஓ.டி.பி. எண்ணையும் பின் எண்ணையும் வங்கி ஊழியர் என்று சொல்பவரிடமும் கூறக் கூடாது.
* கணக்கில் இருப்பைப் பார்த்த பின்னரே விளைபொருளை அனுப்பவும்.
* அன்றாடச் செலவுக்குச் சிறு தொகையுடன் தனிக் கணக்கு வைத்து, அதை மட்டும் யு.பி.ஐ.யுடன் இணைப்பது நல்லது.

பணம் போய்விட்டால்

வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம், படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். உடனே 1930 என்ற எண்ணை அழைக்கவும். புகார் பதிவானதும், பணம் சென்ற வங்கிக்குத் தகவல் போகும். அங்கு எஞ்சியிருக்கும் தொகை முடக்கப்படும். மோசடிக்காரர் பணத்தைப் பல கணக்குகளுக்கு விரைவாக மாற்றிவிடுவதால், முதல் ஒரு மணி நேரம் மிக முக்கியமானது. விடியட்டும் என்று காத்திருந்தால் முடக்குவதற்குப் பணம் மிஞ்சாது.

போலிச் செயலியை நிறுவியிருந்தால் இணையத் தொடர்பை நிறுத்தி, சிம் அட்டையைக் கழற்றி, வேறு கைப்பேசியிலிருந்து அழைக்கவும். பின்னர் வங்கிக்கும் தெரிவித்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளவும். வந்த செய்திகளை அழிக்க வேண்டாம், அவையே சான்று.

கதிர் முற்றிய வயலுக்குக் காவல் வைப்பது நமது வழக்கம். விளைந்ததை விற்றுச் சேர்த்த பணத்திற்கும் அக்காவல் தேவை. 1930 என்ற எண்ணை இன்றே வீட்டுச் சுவரில் எழுதி வைத்து, கைப்பேசியைப் பயன்படுத்தும் அனைவருக்கும் சொல்லி வைக்கவும்.