மனநலம் அறிவோம்: மருந்துப் போத்தல் வீட்டில் வேண்டாம்



பொதுச் சுகாதாரம் என்றால் கக்கூசு, குடிதண்ணி, நுளம்பு, இவ்வளவுதான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மனசு சரியில்லை என்றால் அது அந்த வீட்டுக்காரர் பாடு. நூல் கட்டுவார்கள், நேர்த்தி வைப்பார்கள். ஆனால் மனநலமும் ஊர்ச் சுகாதாரம்தான் என்று நம் நாட்டிலேயே தெரிந்த ஒரு விஷயம் இருக்கிறது. இம்முறை அதைப் பார்ப்போம்.

வீரமுனை, சம்மாந்துறை, கல்முனைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், கண்ணுக்கெட்டிய தூரம் வயல். வயல் இருந்தால் பூச்சி மருந்தும் இருக்கும். நமக்கு மலையில் புல் மருந்து. (நஞ்சுக்கு மருந்து என்று யார் பேர் வைத்தார்களோ!) கோபத்திலும் கவலையிலும் அந்தப் போத்தலை எடுத்தவர்கள் அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. 1995இல் இலங்கையில் லட்சத்துக்கு 47 பேர் அளவில் தற்கொலையால் இறந்தார்கள். உலகத்திலேயே மிகக் கூடிய கணக்குகளில் அது ஒன்று.

அந்த வருசம் தொட்டு அரசாங்கம் கொடிய நஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. தேயிலை மலையில் அடித்த பரகுவாட்டும் 2008இலிருந்து படிப்படியாக நிறுத்தப்பட்டது. 20 வருசத்தில் தற்கொலைச் சாவு ஏறத்தாழ 70 வீதம் குறைந்தது. இதில் கவனிக்க வேண்டியது, நஞ்சு குடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் தொகை அப்படிக் குறையவில்லை. வந்தவர்கள் பிழைத்தார்கள், அதுதான் வித்தியாசம்.

பிழைத்தவர்களிடம் டாக்டர்மார் விசாரித்தபோது, பாதிக்கு மேற்பட்டவர்கள் அரை மணித்தியாலம்கூட யோசிக்கவில்லை என்றார்கள். புருசன் பெண்சாதி சண்டை, அப்பா ஏசியது, கடன்காரன் வந்தது, அவ்வளவுதான். அந்த நேரம் கையில் போத்தல் கிடைக்காவிட்டால் பலருக்கு அந்த எண்ணம் தணிந்துவிடுகிறது.

அப்படியென்றால் பெட்டியில் பூட்டி வைத்தால் போதாதா? அநுராதபுரத்தில் 180 கிராமங்களில் அதையும் செய்து பார்த்தார்கள். பாதிக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுத்தார்கள். 2017இல் முடிவு வந்தது: பலன் இல்லை. பெட்டி வீட்டுக்குள் என்றால் சாவியும் வீட்டுக்குள்தானே!

ஆகவே நாங்கள் கேட்பது ஒன்றுதான். மரக்கறிப் பாத்திக்கென்று சோடாப் போத்தலில் ஊற்றி லயத்துக்குக் கொண்டுவர வேண்டாம். மிச்சம் இருந்தால் ஸ்டோருக்கே திருப்பிக் கொடுங்கள். கேள்வி கேட்க மாட்டோம்.

இன்னொன்று. ரெண்டு கிழமைக்கு மேல் ஒருவர் தூங்காமல், சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் இருந்தால் அது சோம்பலும் இல்லை, பேயும் இல்லை. மனச்சோர்வு என்ற நோய், வைத்தியம் உண்டு. “சாகலாம்போல இருக்கா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமென்றால் தனியே விடாமல் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டி வாருங்கள். பொலிஸ் கேஸ் ஆகும் என்று பயப்பட வேண்டாம். தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற சட்டம் 1998இலேயே எடுக்கப்பட்டுவிட்டது.

யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், புளித்தண்ணி கொடுக்காதீர்கள். உடனே 1990க்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள். போத்தலையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மனக்கவலை பேச 1926, தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். இரவிலும் எடுக்கலாம்.